ஏற்றத்துக்கு என்ன விலை? நாரோமைனில் ஒரு கிளைடர் போட்டி நாள்

எஞ்சின் இல்லாத விமானத்தில் என்ன பந்தயம் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. "காத்து நின்னு போச்சுன்னா?" என்பது அடுத்த கேள்வி. காற்று வீசுவதை நம்பி நாங்கள் பறப்பதில்லை. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று மேலே எழும்பும். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து மேலே போவது அந்தக் காற்றில்தான். அதற்குத் தெர்மல் என்று பெயர். நாங்களும் அதற்குள் புகுந்து வட்டமடித்து உயரம் சேர்க்கிறோம். சேர்த்த உயரத்தைக் கொடுத்து முன்னால் போகிறோம். அது தீர்வதற்குள் அடுத்த தெர்மலைத் தேடுகிறோம். கொடுத்த பாதையை யார் அதிக வேகத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்கு அன்றைய முதல் இடம்.

பறக்கத் தெரிந்த பிறகு போட்டியில் மிச்சமிருக்கும் வேலை பேரம்தான். ஒவ்வொரு தெர்மலிலும் நேரத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறோம். சந்தையில் காலை விலைக்கும் கடை கட்டும் நேரத்து விலைக்கும் வித்தியாசம் இருப்பதுபோல, மத்தியானம் இரண்டு மணிக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஏற்றத்தை நாலு மணிக்குக் கும்பிட்டு வாங்க வேண்டியிருக்கும். எந்த நேரத்தில் விலை மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம். அதை நான் நன்றாக உணர்ந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

இடம் நாரோமைன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போ நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், மக்குவாரி ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படை பயன்படுத்திய விமான நிலையம் இப்போது கிளைடர்காரர்களின் புகலிடம். 2015 டிசம்பரில் இளையோர் உலகப் போட்டியும் 2023 டிசம்பரில் பெரியவர்களுக்கான உலகப் போட்டியும் இங்கேதான் நடந்தன. சுற்றிலும் தட்டையான கோதுமை வயல்கள். டிசம்பரில் அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கும். வெயில் 40 டிகிரியைத் தொடும். மனிதர்களுக்குக் கொடுமை, கிளைடருக்குக் கொண்டாட்டம்.

நான் கலந்துகொண்டது உலகப் போட்டி எல்லாம் இல்லை, மாநில அளவில் ஒன்று. கிளப் கிளாஸ் பிரிவு. இதில் பழைய கிளைடர்கள் பறக்கும். வகைக்கு வகை திறன் வேறுபடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேண்டிகேப் எண் வைத்து வேகத்தைச் சரிசெய்வார்கள். இறக்கைக்குள் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டும் வித்தைக்கு இந்தப் பிரிவில் அனுமதி கிடையாது. என்னுடையது கிளப்பிலிருந்து எடுத்த எல்.எஸ்.4. 1980-களின் ஜெர்மன் கிளைடர், 15 மீட்டர் இறக்கை. அசையாத காற்றில், சரியான வேகத்தில், ஒரு கிலோமீட்டர் உயரத்தைக் கொடுத்தால் 40 கிலோமீட்டர் கொண்டுபோகும்.

தரையில் எனக்கு உதவிக்கு வந்தவன் என் மைத்துனன். சிட்னியில் வேலை, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிளைடரைத் தொடுகிறான். இந்த விளையாட்டில் உதவியாளருக்குக் குரூ என்று பெயர். குரூ இல்லாமல் போட்டிக்கு வராதீர்கள். வயலில் இறங்கிவிட்டால் டிரெய்லரோடு வந்து உங்களை அள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

காலை ஏழு மணிக்கே கிளைடரைச் சோதிக்கத் தொடங்கினோம். பழைய எல்.எஸ்.4-இல் கட்டுப்பாட்டு இணைப்புகள் தானாக மாட்டிக்கொள்ளாது. ஒவ்வொன்றையும் கையால் மாட்டிப் பாதுகாப்பு ஊசி போட வேண்டும். அப்புறம் ஒருவர் வெளியே நின்று இறக்கையின் அசையும் பகுதியைக் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு கையில் தெரிந்தால்தான் இணைப்பு உண்மையில் பூட்டியிருக்கிறது என்று நம்பலாம். இந்தச் சோதனை நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பாதியில் விட்டுவிட்டுப் பேசாதீர்கள். பேசிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். போட்டி நாளில் எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

இறக்கை உடலோடு சேரும் இடைவெளியில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், உடைஞ்சு போச்சா? டேப் போட்டு ஒட்டுறீங்க?"

"உடையலைடா. இந்த இடுக்கு வழியா காத்து கசிஞ்சா வேகம் குறையும்."

அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அக்காவுக்குச் செய்தி போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

பத்து மணிக்குப் பிரீஃபிங், அதாவது பைலட்டுகளுக்கான கூட்டம். அன்றைய வானிலை: அதிகபட்சம் 39 டிகிரி, வடமேற்குக் காற்று பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்), மேகத்தின் அடிப்பகுதி மத்தியானத்துக்கு மேல் 8,500 அடி. சொல்பவர் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: மூன்றரை மணிக்கு மேல் மேற்கிலிருந்து மெல்லிய உயரமேகம் பரவலாம். வெள்ளைத் துணியை விரித்த மாதிரி இருக்கும் சிர்ரஸ் மேகம் அது. மழை தராது, இடியும் தராது. ஆனால் வெயிலை மங்கவைக்கும். தரை சூடாகாவிட்டால் தெர்மல் இல்லை. அன்றைய கதை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

பணியாகக் கொடுத்தது ஏ.ஏ.டி. வகை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணப் பந்தயத்தில் திருப்புமுனைகள் புள்ளிகளாக இருக்கும், எல்லோரும் அதே தூரம் போவார்கள். ஏ.ஏ.டி.யில் புள்ளிக்குப் பதில் பெரிய வட்டங்கள். வட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டும் திரும்பலாம், உள்ளே ஆழமாகப் போயும் திரும்பலாம். ஒரு குறைந்தபட்ச நேரம் கொடுப்பார்கள். அன்று மூன்று மணி நேரம். நீங்கள் போன தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வேகம். ஆனால் மூன்று மணி நேரம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டால் வகுப்பது மூன்றால்தான். பத்து நிமிடம் முந்தி வந்தால் அந்தப் பத்து நிமிடத்தைத் தானம் செய்துவிட்டதாக அர்த்தம். ஆகவே மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஐந்து, பத்து நிமிடத்துக்குள் வந்து சேருவதுதான் குறி. முதல் வட்டம் தென்மேற்கே டல்லமோர், இரண்டாவது வடமேற்கே நிங்கன், அப்புறம் வீடு, அதாவது நாரோமைன்.

கிரிட் என்பது ஓடுபாதையில் கிளைடர்களை வரிசையாக நிறுத்தும் இடம். அங்கே பன்னிரண்டு மணி வெயிலில் காத்திருப்பதுதான் நாளின் மிகக் களைப்பான பகுதி என்று பலருக்குத் தெரிவதில்லை. பறக்கும் முன்பே உடம்பு வற்றிவிட்டால் மூன்றாவது மணி நேரத்தில் மூளை வேலை செய்யாது. வற்றிய மூளைக்குத் தான் வற்றியது தெரியாது என்பதுதான் ஆபத்து. நான் செய்வது: காக்பிட்டின் மேல் வெள்ளைத் துணி, கிளைடரின் இறக்கை நிழலில் நாற்காலி, காலையிலிருந்தே தண்ணீர். பறக்கும்போது மூன்று லிட்டர் பை ஒன்று முதுகுப்பக்கம், குழாய் தோளில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தாகம் இருக்கோ இல்லையோ ஒரு வாய். இவ்வளவு குடித்தால் அப்புறம் என்ன ஆகும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதற்கும் குழாய் அல்லது பை ஏற்பாடு செய்து, தரையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போக வேண்டும். சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பறப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி மணி நேரத்தில் அவர்கள் எடுக்கும் முடிவுகளையும் பார்த்திருக்கிறேன். தொப்பி துணித் தொப்பியாக, விளிம்பு இல்லாமல் இருக்கட்டும். விளிம்பு வைத்த தொப்பி மேலே வரும் கிளைடரை மறைக்கும்.

மைத்துனனிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டு ஏறினேன். கார் சாவி உன் பாக்கெட்டில் இருக்கிறதா என்று இப்போதே தொட்டுப் பார். டேங்க் நிரம்பியிருக்கட்டும். டிரெய்லர் டயர்களில் காற்றும் ஸ்டெப்னியும் சரியாக இருக்கட்டும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வானத்துக்குப் போன பைலட்டுகளின் கதை எல்லாக் கிளப்பிலும் ஒன்று உண்டு.

முதலில் ஸ்னிஃபர் என்று ஒரு கிளைடரை மட்டும் அனுப்பித் தெர்மல் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அவர் மேலே தங்கிவிட்டார். வரிசை நகர்ந்தது. பானி என்ற இழுவை விமானம் கயிற்றில் இழுத்து 2,000 அடியில் விட்டது. கயிற்றைக் கழற்றியதும் நாலு நாட் ஏற்றம். ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் காட்டும் எங்கள் வேரியோமீட்டரில் ஒரு நாட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குக்கு அது போதும்.

ஒரே தெர்மலில் இருபது கிளைடர் சுற்றும் காட்சியைப் படத்தில் பார்த்தால் அழகு. உள்ளே இருப்பவனுக்கு அப்படித் தோன்றாது. முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ எல்லோரும் அதே பக்கம்தான் சுற்ற வேண்டும். வட்டத்துக்குள் நேராகப் பாயாமல், வெளியிலிருந்து உரசினாற்போல வந்து சேர வேண்டும். உங்களுக்கு முன்னால் போகிறவர் உங்களைப் பார்க்க முடியாத இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஃபிளார்ம் கருவி அருகில் வரும் கிளைடரைப் பற்றி எச்சரிக்கும். ஆனால் கூட்டத்தில் அது ஓயாமல் கத்தும், கடைசியில் கண்தான் துணை. யாரைக் காணவில்லையோ அவர்தான் ஆபத்து. ஒருவர் கண்ணிலிருந்து மறைந்து இரண்டு வட்டத்துக்குள் திரும்பத் தென்படாவிட்டால் நான் அந்தத் தெர்மலை விட்டு விலகிவிடுவேன். இழப்பு சில நூறு அடி, அவ்வளவுதான்.

கடைசிக் கிளைடர் கிளம்பிச் சற்று நேரம் கழித்துத்தான் ஸ்டார்ட் திறக்கும், அதாவது தொடக்கக் கோட்டைத் தாண்டலாம். திறந்ததும் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கேதான் பூனையும் எலியும் ஆட்டம் நடக்கும். முன்னால் போகிறவர்கள் தெர்மல் எங்கே என்று காட்டிக்கொடுப்பார்கள் என்பதால் பெரிய ஆட்கள் கோட்டுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். நல்ல நாளில் அது சரியான தந்திரம். ஆனால் மூன்றரைக்கு மேல் சிர்ரஸ் என்று காலையில் கேட்டோம். மூன்று மணி நேரப் பணியை இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் கடைசி ஒன்றரை மணி நேரம் மங்கிய வெயிலில்தான். நான் ஒன்று இருபத்தைந்துக்குக் கோட்டைத் தாண்டினேன். கூட ஐந்தாறு பேர் வந்தார்கள். ரேடியோவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

டல்லமோர் வரை சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வேண்டிய இடத்தில் எல்லாம் ஐந்து, ஆறு நாட். இங்கே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாட் தெர்மலில் 1,000 அடி ஏற இரண்டு நிமிடம். இரண்டு நாட் தெர்மலில் அதே 1,000 அடிக்கு ஐந்து நிமிடம். வழியில் தென்பட்ட இரண்டு நாட்டில் நின்று 3,000 அடி ஏறியவர் ஒன்பது நிமிடத்தைத் தொலைத்திருப்பார். தெர்மல்களுக்கு நடுவே வேகமாகப் பாய்ந்து அந்த ஒன்பது நிமிடத்தை மீட்கவே முடியாது. புதிதாகப் போட்டிக்கு வருபவர்கள் எல்லோரும் தாங்கள் நேராகப் பறக்கும்போது மெதுவாகப் போவதாக நினைப்பார்கள். பறந்த பாதையைப் பதியும் லாகர் கருவியின் பதிவைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: நேரம் எல்லாம் போனது வட்டமடிப்பதில், அதுவும் நின்றிருக்கவே கூடாத தெர்மல்களில்.

தெர்மல்களுக்கு நடுவே எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதற்கு மெக்ரெடி கணக்கு இருக்கிறது. பால் மெக்ரெடி 1956-இல் பிரான்சின் சாந்த்-யானில் உலகச் சாம்பியன் ஆனவர். மனித சக்தியில் பறக்கும் விமானத்தைப் பிற்பாடு உருவாக்கியவரும் அவர்தான். அவர் கணக்குப்படி கருவியில் ஒரு எண்ணை வைக்கிறோம். எண் பெரிதாக இருந்தால் வேகமாகப் போ, சின்ன ஏற்றங்களில் நிற்காதே என்று பொருள். எண் சிறிதாக இருந்தால் மெதுவாகப் போ, கிடைத்ததை எடுத்துக்கொள். இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த எண் முந்தைய தெர்மல் எவ்வளவு தந்தது என்பதைக் குறிப்பதில்லை. அடுத்த தெர்மல் எவ்வளவு தரும் என்ற உங்கள் எதிர்பார்ப்பைத்தான் குறிக்கிறது. எதிர்பார்ப்பைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நிங்கனை நோக்கி வடக்கே திரும்பியபோது எதிர்க்காற்று. ஆனால் மேகங்கள் காற்றோட்டத்தோடு வரிசை கட்டியிருந்தன. அந்த வரிசைக்குக் கீழே மேலெழும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, கீழிறங்கும் இடத்தில் கூட்டி, வட்டமே அடிக்காமல் முப்பது கிலோமீட்டர் போனேன். உயரம் சில நூறு அடிதான் குறைந்தது. இந்த விளையாட்டில் இதைவிட இனிமையான கால்மணி நேரம் எனக்குத் தெரியாது.

இந்தப் பகுதியில் தரையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டிராஞ்சி, வாரன் பக்கம் பருத்திக்கு நீர் பாய்ச்சும் வயல்கள் பச்சைச் சதுரங்களாகத் தெரியும். வாரனுக்கு வடக்கே மக்குவாரி ஆற்றின் பெரிய சதுப்பு நிலம். ஈரமான தரை சூடாகாது, அதன் மேல் ஏற்றம் சப்பென்று இருக்கும். அறுவடை முடிந்த காய்ந்த தாள் வயல்தான் வேண்டும். அதிலும் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். சூடாகிப் படுத்திருக்கும் காற்றை அது கிளறிவிடும், எழும் தூசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காற்றின் திசையும் தெரிந்துவிடும். செம்மண் சுழல்காற்று தரையிலிருந்து சுருண்டு எழுந்தால் அங்கே தெர்மல் பிறந்திருக்கிறது என்று எழுதி ஒட்டினாற்போல. ஆனால் தாழ்வான உயரத்தில் அதற்குள் போகாதீர்கள், கிளைடரைத் தூக்கிப் போட்டுவிடும். வெட்ஜ்-டெயில்ட் கழுகும் நல்ல வழிகாட்டி. இறக்கை விரிப்பு இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். அது சுற்றும் மையம்தான் சரியான மையம், வேரியோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம். கொஞ்சம் மரியாதையான தூரம் வைத்துக்கொள்ளுங்கள். தன் எல்லைக்குள் வந்த கிளைடரை அது நகத்தால் தாக்கிய சம்பவங்கள் உண்டு.

நிங்கன் வட்டத்துக்குள் நுழைந்தபோது மூன்று பத்து. 8,000 அடி. காக்பிட்டில் உள்ள கணினி சொன்னது: இப்போதே திரும்பினால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுவாய், இன்னும் உள்ளே போ. கூட வந்த நாலு பேர் உள்ளே போனார்கள். முன்னால் இருந்த மேகங்களும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

நான் இடதுபக்கம் பார்த்தேன். மேற்கே அடிவானத்திலிருந்து மேலேறி வரும் பால் போல ஒரு படலம். சூரியனுக்கும் அதற்கும் இடையில் ஒரு கையகலம்தான் இடைவெளி. அப்புறம் வீட்டுத் திசையைப் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் தூரம், வழியில் மேகங்கள் ஏற்கெனவே விளிம்பு கலைந்து தட்டையாகிக்கொண்டிருந்தன. கணினி போட்ட கணக்கு இதுவரை கிடைத்த ஐந்து நாட்டை வைத்து. இனிமேல் ஐந்து கிடைக்கும் என்று யார் சொன்னது? மெக்ரெடி எண்ணை ஐந்திலிருந்து ஒன்றரைக்கு இறக்கினேன். உடனே கணினியின் பேச்சு மாறிவிட்டது: எட்டு நிமிடம் தாமதமாக வருவாய் என்றது. அதே இடம், அதே உயரம், நான் நம்பிய விலை மட்டும் வேறு. மூன்று பதினைந்துக்குத் திரும்பினேன்.

படலம் நினைத்ததைவிட வேகமாக வந்தது. திரும்பிய கால் மணி நேரத்தில் தரையில் நிழலுக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் மங்கிவிட்டது. மேகங்கள் இருந்தன, ஆனால் அவற்றுக்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் மிச்சம். இங்கிருந்து ஆட்டத்தின் விதிகளே வேறு. வேகம் 80 நாட்டிலிருந்து 60-க்கு வந்தது. மத்தியானம் எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு நாட் தெர்மலில் நின்றேன், அது முற்றிலும் ஓயும் வரை நின்றேன். வடமேற்குக் காற்று முதுகில் இருந்ததால் வட்டமடிக்கும் நேரத்திலும் அது என்னை வீட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் இப்படி நின்றால் வந்த வழியே பின்னால் போவோம். பின்காற்றில் பலவீனமான தெர்மலும் பஸ் டிக்கெட் கொடுக்கும்.

வழியில் உள்ள நெவர்டயர் என்ற ஊரைத் தாண்டிச் சற்று தூரம் வந்தபோது தரைக்கு மேல் 2,600 அடி. வீட்டுக்கு 50 கிலோமீட்டர். இந்த இடத்தில்தான் நான் சொல்ல வேண்டிய மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. தெர்மலைத் தேடுவதும் வயலைத் தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். என் வரிசை இது: 2,000 அடியில் இறங்கத்தக்க வயல்கள் உள்ள பகுதிக்குள் இருக்க வேண்டும். 1,500-இல் ஒரு வயலை முடிவு செய்திருக்க வேண்டும். 1,000-இல் இறங்கும் சுற்றை ஆரம்பித்துவிட வேண்டும், அதற்குக் கீழே எந்தத் தெர்மல் கூப்பிட்டாலும் காது கேட்காது.

இந்த நாட்டுச் சமவெளியில் வயலுக்குப் பஞ்சம் இல்லை, கம்பிக்குத்தான் பயம். கிராமப்புற மின்சாரம் ஒற்றைக் கம்பியில் போகும். கம்பங்களுக்கு நடுவே தூரம் மிக அதிகம். மேலிருந்து அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கம்பம் தெரியாவிட்டால் வீட்டைத் தேடுங்கள். வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு எங்கிருந்தோ கம்பி வந்தே தீரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அந்த வயல் உங்களுடையது. அறுத்த தாள் வயல் நல்லது. நிற்கும் பயிரில் இறங்கினால் கிளைடர் சுழன்று ஒடியும், விவசாயிக்கும் நஷ்டம். ஆடு மாடு ஒரு மூலையில் நின்றால் வேறு வயல் பாருங்கள், அவை அந்த மூலையிலேயே நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை.

நான் வயலைத் தேர்ந்தெடுத்து, கம்பங்களை எண்ணி, அதை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தபோது கீழே ஒரு அறுவடை இயந்திரம். அதற்குப் பின்பக்கம் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. 2,100 அடியில் ஒன்றரை நாட். வயல் நேர் கீழே இருந்ததால் நிம்மதியாக நின்று சுற்ற முடிந்தது. வயல் முடிவாகாமல் இருந்திருந்தால் அதே ஒன்றரை நாட்டில் என் கண் பாதி நேரம் தரையில் இருந்திருக்கும், மையம் தவறியிருக்கும். மெல்ல இரண்டு நாட் ஆனது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அந்த ஒரே தெர்மலில் காற்றோடு மிதந்தேன். மத்தியானக் கணக்கில் அது கொள்ளை விலை. அந்த நேரத்தில் வேறு கடையே திறந்திருக்கவில்லை.

இனி வட்டமடிக்காமல் நேராக வீடு வந்து சேரும் கடைசிச் சறுக்கலுக்கு என் சொந்தக் கணக்கு எளிது: பத்து கிலோமீட்டருக்கு 1,000 அடி, அதன் மேல் கைவசம் 1,000 அடி. எல்.எஸ்.4-க்குக் காகிதத்தில் இதைவிடக் குறைவாகப் போதும். ஆனால் பழைய இறக்கை, ஒட்டிய பூச்சிகள், வழியில் இறங்கும் காற்று எல்லாம் காகிதத்தில் வராது. 4,800 அடியில் 38 கிலோமீட்டர் மிச்சம் இருந்தபோது தெர்மலை விட்டேன். நாலு முப்பத்தாறுக்கு ஃபினிஷ் வளையத்தைத் தொட்டேன். மூன்று மணி நேரம் பதினொரு நிமிடம். சுமார் 275 கிலோமீட்டர், மணிக்கு 86. உலகச் சாதனை இல்லைதான்.

இறங்கியதும் மைத்துனன் ஓடிவந்தான். "அத்தான், பாதிப் பேரைக் காணோம்!" உள்ளே ஆழமாகப் போனவர்களில் பலர் நெவர்டயருக்கும் டிராஞ்சிக்கும் நடுவே வயல்களில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கிளப் நண்பர் ஒருவருக்குக் குரூ இல்லை. முகம் கழுவிக்கொண்டு நாங்களே அவருடைய டிரெய்லரோடு கிளம்பினோம்.

இந்த வேலைக்கும் ஒரு முறை உண்டு. வழியில் உள்ள கேட் திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும், மூடியிருந்தால் கடந்ததும் மூட வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து மாற்றாதீர்கள், ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும். அதைவிட முக்கியம், காய்ந்த தாள் வயலுக்குள் காரை ஓட்டுவதற்கு முன் விவசாயியைக் கேளுங்கள். கார் சைலன்ஸரின் சூடு பட்டால் டிசம்பர் வயல் தீப்பிடித்துவிடும். அந்த விவசாயி எங்களைக் காரை விளிம்பில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி பொருத்திய தன் வண்டியில் கூடவே வந்தார். மூன்று பேரும் சேர்ந்து கிளைடரைத் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பும்போது மணி ஒன்பது. மைத்துனன் காரில் பாதி வழி தூங்கினான், மீதி வழி தானும் பறக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தான்.

இரவு புள்ளிப் பட்டியல் வந்தது. முதலில் வந்தவருக்கே அதிகபட்சப் புள்ளி, நல்ல நாளில் 1,000. மற்றவர்களுக்கு வேகத்தைப் பொறுத்து. வயலில் இறங்கியவர்களுக்குப் போன தூரத்துக்கு மட்டும் புள்ளி, வேகத்துக்கு எதுவும் கிடையாது. ஒரு வாரப் போட்டியில் ஒரே ஒரு வயல் இறக்கம் பல நூறு புள்ளியைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு நாளும் முதலிடம் வராமல், தினமும் நாலாவது, ஐந்தாவது என்று வந்தவர் கடைசியில் கோப்பையை வாங்குவதைப் பார்க்கலாம். நான் அன்று ஆறாவது.

மறுநாள் காலை பிரீஃபிங்கில், வழக்கம்போல, முந்தைய நாள் வென்றவர் எழுந்து தன் பயணத்தை விவரித்தார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, என்னுடையதைவிடப் பழைய கிளைடர். ஸ்டார்ட் திறந்த மூன்றாவது நிமிடமே கிளம்பியிருக்கிறார். நிங்கன் வட்டத்தில் என்னைவிடப் பன்னிரண்டு கிலோமீட்டர் அதிகமாக உள்ளே போயிருக்கிறார், ஆனால் அரைமணி நேரம் முன்னதாக, வெயில் இருக்கும்போதே. திரும்பும் வழியில் எந்த அளவு ஏற்றத்துக்கு நின்றீர்கள் என்று கேட்டேன். நெவர்டயர் வரை நாலுக்குக் குறைந்து எதற்கும் நிற்கவில்லை, அதற்கு அப்புறம் அரை நாட்டுக்குக்கூட நின்றேன் என்றார். மாற வேண்டிய நேரம் எப்படித் தெரிந்தது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். ஒவ்வொரு வட்டத்திலும் தரையில் விழும் மேக நிழலின் விளிம்பைப் பார்ப்பாராம். விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை மத்தியான விலை. மங்கலானதும் கையில் இருப்பதை விடக் கூடாது. அதற்குள் வானிலை சொல்பவர் மைக்கைப் பிடித்துவிட்டார். முந்தைய இரவில் குளிர்முனை, அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்துவிட்டது, தெற்குக் காற்று, மேகமே இல்லாத நீல நாள்.